குடைமிளகாய் பாலிஹவுஸில் கறுப்பு இலைப்பேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசூர் பக்கம் அரை ஏக்கர் பாலிஹவுஸில் (பாலித்தீன் கூரை போட்ட பசுமைக்குடிலில்) கலர் குடைமிளகாய் போடுகிறேன். ஒரு பட்டத்தை முழுசாக இந்தப் பூச்சிக்குத் தாரை வார்த்தேன். அதிலிருந்து யாருக்குச் செடி சுருண்டாலும் "அவரைக் கேளு" என்று என் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், சந்தேகம் மட்டும் அதேதான். அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே எழுதி வைத்துவிட்டேன். நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. படித்தவர்களிடம் கேட்டதும், பூவைத் தட்டித் தட்டிப் பார்த்ததும்தான் என் படிப்பு.

இலைப்பேன், செடிப்பேன், த்ரிப்ஸ்னு ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதானா அண்ணா?

இலைப்பேனும் த்ரிப்ஸும் ஒன்று. செடிப்பேன் என்றால் பல ஊர்களில் அசுவினியைச் சொல்வார்கள், அது வேறு. அசுவினி கும்பலாக உட்கார்ந்து சாறு குடிக்கும், தேன் மாதிரிப் பிசுபிசுப்பு விடும், எறும்பு வரும். இலைப்பேன் இருக்கிற செடியில் பிசுபிசுப்பே இருக்காது. மருந்துக்கடையில் "பேன் இருக்கு" என்று மட்டும் சொன்னால் எந்தப் பேனுக்கு மருந்து கிடைக்கும் என்பது கடைக்காரரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

த்ரிப்ஸுக்கு வாயில் இடப்பக்கத் தாடை ஒன்றுதான் வளரும், வலப்பக்கத்தது வளர்வதே இல்லை. அந்த ஒற்றைத் தாடையால் இலையின் மேல்தோலைக் குத்திக் கீறி, கசிகிற சாற்றை உறிஞ்சும். சாறு போன இடத்தில் காற்றுப் புகுந்து வெள்ளி பூசின மாதிரி மின்னும், பிறகு பழுப்பாகும்.

ஆந்திராக்காரங்க "நல்ல தாமர புருகு"ன்னு சொல்றாங்களே. நல்ல பூச்சின்னா நன்மை செய்யிற பூச்சியா?

இதை விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், மூன்று பேர் நிஜமாகவே கேட்டிருக்கிறார்கள். தெலுங்கில் நல்ல என்றால் கறுப்பு. தாமர புருகு என்றால் இலைப்பேன். ஆக, கறுப்பு இலைப்பேன். அதில் நன்மை எதுவும் கிடையாது.

இதன் அறிவியல் பெயர் த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ். தாய்ப்பூச்சி 1 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். வயிறு கரும்பழுப்பு, தலையும் மார்பும் கொஞ்சம் வெளிர். ஆண் அதைவிடச் சின்னது, மஞ்சள். மிளகாயில் காலங்காலமாக இருக்கிற நம் ஊர் இலைப்பேன் வெளிர் மஞ்சளாக இருக்கும், அது வேறு இனம், சிர்ட்டோத்ரிப்ஸ் டார்சாலிஸ். பூவுக்குள் கறுப்பாக ஓடினால் சந்தேகப்பட வேண்டியது புது ஆளைத்தான்.

இது எங்கிருந்து வந்துச்சு? முன்னெல்லாம் இல்லையே.

தென்கிழக்கு ஆசியா இதன் தாய்மண். 1922-இலேயே கார்னி என்ற பூச்சியியலாளர் இதற்குப் பெயர் வைத்துவிட்டார். இந்தோனேசியாவில் மிளகாய்க்கு இதுதான் முக்கியமான இலைப்பேன். அங்கிருந்து செடி, பூ வியாபாரத்தோடு ஊர் சுற்றியிருக்கிறது. கிரீஸ் நாட்டில் பசுமைக்குடிலில் வளர்த்த கார்டீனியா செடியில், ஹவாயில் பப்பாளியில், 2020-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அலங்காரச் செடி வளர்க்கும் பசுமைக்குடில்களில் என்று வரிசையாகத் தலைகாட்டியது.

இந்தியாவில் முதல் பதிவு 2015-இல், பெங்களூரில், பப்பாளி மரத்தில். நம் ஓசூருக்கு ஒரு மணி நேரப் பயணம்! ஆனால் அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021-இல் குண்டூர்ப் பக்கம் மிளகாய்ப் பூவில் இறங்கியது. அந்தப் பருவத்தில் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா என்று பரவி, பல பேர் காய்க்கிற செடியை உழுதுவிட்டார்கள். அப்புறம்தான் எல்லோருக்கும் இதன் பேர் தெரிந்தது.

கண்ணுக்கே தெரியாத பூச்சியை எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

கண்ணுக்குத் தெரியும், பார்க்கிற இடத்தில் பார்த்தால். ஒரு வெள்ளைத் தாளை (என் மகளின் நோட்டுப் புத்தக அட்டையின் உள்பக்கம் எனக்கு) இடது உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். விரிந்த பூ ஒன்றை அதன்மேல் சாய்த்து, ஆள்காட்டி விரலால் மூன்று தட்டு. மகரந்தத் தூளோடு அதுவும் விழும். மகரந்தம் அசையாது. ஐந்தாறு நொடி பொறுத்தால், காற்புள்ளி போட்டது போல ஒரு கறுப்புக் கோடு எழுந்து ஓடும். வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும், சட்டென்று காணாமல் போகும். அதுதான் தாய்ப்பூச்சி.

குஞ்சு பூவில் மட்டும் இருக்காது. இலையைத் திருப்பிப் பின்பக்கம், நடுநரம்பு ஓரத்தில், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக, இறக்கை இல்லாமல், மெதுவாக நகரும். நான் வாரத்துக்கு ஒருநாள் காலையில் 50 பூ தட்டுகிறேன். கதவு ஓரம் 20, ஜன்னல் வலை ஓரம் 20, நடுவில் 10. ஓரத்தில் அதிகம் எடுப்பதற்குக் காரணம், முதலில் இறங்குவது அங்கேதான். எண்ணிக்கையை நாட்காட்டியில் எழுதுகிறேன். போன வாரம் 3, இந்த வாரம் 4 என்றால் பதற மாட்டேன். 3 போய் 15 ஆனால் அன்றே வேலை தொடங்கும்.

இலை சுருண்டிருக்கு. பேனா, சிலந்தியா, வைரஸா?

பழைய கணக்கு ஒன்று உண்டு: இலை மேல்நோக்கிப் படகு மாதிரி சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி. நம் ஊர் மஞ்சள் இலைப்பேனுக்கு அந்தக் கணக்கு சரி. கறுப்பு இலைப்பேன் அதற்குக் கட்டுப்படாது. அதன் அடையாளம் இலையின் பின்பக்கம் கீறிக் கீறிப் பழுப்பாவது, அதே இடத்துக்கு நேர் மேல்பக்கம் மஞ்சளாவது, கொழுந்து குறுகி முறுக்கிக்கொள்வது. பூவிதழில் பழுப்புக் கோடு விழும், பூ காய்ந்து உதிரும். செடி பச்சையாக நின்று காய் மட்டும் பிடிக்கவில்லை என்றால் முதலில் பூவைத் தட்டுங்கள்.

வைரஸ் என்றால் பூச்சியை ஒழித்த பிறகும் புதுக்கொழுந்து சுருண்டே வரும். பேன் தின்றது என்றால் அடுத்து விடும் இலை நேராக வரும். மிளகாய் இலைச்சுருட்டை வைரஸைப் பரப்புவது வெள்ளை ஈ. தக்காளி, குடைமிளகாயில் கொழுந்து கருகும் வைரஸைப் பரப்புவது த்ரிப்ஸ் பால்மி என்ற வேறொரு இலைப்பேன். கறுப்பு இலைப்பேன் செய்கிற நாசம் பெரும்பாலும் தின்பதால் வருவது. எனவே "வைரஸ் வந்துடுச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று கையை விரிக்காதீர்கள்.

சுத்தி வலை போட்டிருக்கேன், ரெட்டைக் கதவு வேற. அப்புறம் எப்படி உள்ள வந்துச்சு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 மெஷ் வலை என்றால் ஓர் அங்குலத்தில் 40 கண். அங்குலம் 25.4 மில்லிமீட்டர், 40-ஆல் வகுத்தால் 0.63. அதில் நூலின் தடிமனைக் கழித்தால் ஓட்டை ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். இலைப்பேனின் உடல் அகலம் அதில் பாதிதான். நமக்கு அது வலை, அதற்கு அது வாசல். பேனை நிஜமாகவே தடுக்க 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவான கண் வேண்டும். அதைச் சுற்றிலும் போட்டால் காற்றோட்டம் செத்துப்போய், ஏப்ரல் வெயிலில் பூச்சிக்கு முன்னால் செடி போய்விடும். பேன் வலை போடுகிறவர்கள் வலைப் பரப்பையும் கூரை உயரத்தையும் கூட்ட வேண்டியிருக்கும். ஏற்கெனவே கட்டிய குடிலில் அது நடக்காத காரியம். வலை வரவைக் குறைக்கும், அவ்வளவுதான்.

ஆனால் என் அனுபவத்தில் பெரிய வாசல் வலை இல்லை, நாற்றுத் தட்டு. நான் ஒரு பட்டத்தை இழந்தது அப்படித்தான். ஒரு நர்சரியில் வாங்கின நாற்று பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. இந்தப் பேன் முட்டையை இலைக்கு மேலே வைக்காது, இலைத் தசைக்குள் செருகி வைக்கும். கண்ணுக்குத் தெரியாது, மருந்தும் படாது. நட்ட இருபதாம் நாள் பூமொட்டில் கறுப்புக் கோடு ஓடியது. இப்போது தட்டு வந்ததும் நடவுக் குடிலுக்குள் விடுவதில்லை. வெளியே தனியாக வலைக்கூண்டில் ஒரு வாரம், நடுவில் இரண்டு நீல அட்டை. முட்டை பொரிய 5 நாள் போதும், ஒரு வாரத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். இதற்குச் சில நூறு ரூபாய் கூட ஆகாது.

இன்னொன்று, சட்டை. நீலமும் மஞ்சளும் இதை இழுக்கும் நிறம். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒருவர் பக்கத்து சாமந்தித் தோட்டத்தில் பூப்பறித்துவிட்டு, நீலப் புடவையோடு அப்படியே உள்ளே வருவார். இப்போது காலையில் முதலில் குடிலுக்கு வந்துவிட்டு அப்புறம் அங்கே போகிறார்.

மழை பெஞ்சா போயிடும்னு சொல்றாங்களே?

வெளிவயலில் ஓரளவு உண்மை. அடித்துப் பெய்யும் மழை பேனைச் செடியிலிருந்து கழுவி மண்ணில் தள்ளும். பாலிஹவுஸுக்குள் மழை ஏது? கூரைதான் அதற்குக் குடை. வெளியே மழை நாளில் குறைகிறபோதும் உள்ளே அது பாட்டுக்குப் பெருகும். வெளிவயல் மிளகாய்க்காரர் சொல்வதைக் கேட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

மருந்து அடிச்சா ஒரு நாள் சாகுது, அஞ்சாம் நாள் திரும்ப வந்துடுது. மருந்து டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட்டாகவும் இருக்கலாம், ஆனால் மருந்து அசலாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும். நம் வெயிலுக்கு முட்டை 5 நாள், குஞ்சு 5 நாள், கூட்டுப்புழு 3 நாள் என்று இரண்டு வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிகிறது. முட்டை இலைக்குள் ஒளிந்திருக்கும். கூட்டுப்புழு செடியை விட்டு இறங்கி மண்ணிலோ சருகிலோ கிடக்கும். நீங்கள் அடிக்கிற மருந்து படுவது நடுவில் இருக்கிற குஞ்சின்மேலும் பூவுக்கு வெளியே இருக்கிற தாய்ப்பூச்சியின்மேலும் மட்டும்தான். அடித்த அன்று இலைக்குள் இருந்த முட்டைதான் ஐந்தாம் நாள் உங்கள்முன் வந்து நிற்கிறது.

அதனால் ஒரே அடியில் முடிக்கிற மருந்து கிடையாது. 5 முதல் 7 நாள் இடைவெளியில் தொடர்ந்து மூன்று முறை, அதுவும் இலையின் பின்பக்கமும் பூவுக்குள்ளும் நனைகிற மாதிரி அடித்தால்தான் ஒரு தலைமுறை முடியும். மேலிருந்து தூவிவிட்டு வருவது செடியைக் குளிப்பாட்டுகிற வேலை.

சரி, எந்த மருந்து? பேரைச் சொல்லிடுங்க சார், போதும்.

இதற்கு நான் நேரடியாகப் பதில் சொல்வதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குடிலில் ஏற்கெனவே எது எத்தனை முறை அடித்தீர்கள் என்று தெரியாமல் பேர் சொன்னால் தப்பாகும். மிளகாய் இலைப்பேனுக்கு ஸ்பினோசாட், ஸ்பினெட்டோரம், சையான்ட்ரானிலிப்ரோல், ஃபிப்ரோனில் போன்றவை பேசப்படுகின்றன. உங்கள் பயிருக்கும் பூச்சிக்கும் லேபிளில் பெயர் இருக்கிறதா, அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்று படித்துவிட்டு, தோட்டக்கலை அலுவலரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்டுக்கொள்ளுங்கள். குடைமிளகாயை வாரம் இரண்டு முறை பறிக்கிறோம், அந்த நாள் கணக்கு நமக்குத்தான் அதிகம் இடிக்கும்.

நான் உறுதியாகச் சொல்வது இரண்டு. ஒன்று, மாற்றி அடிப்பதாக நினைத்து ஒரே குடும்பத்து மருந்தையே அடிக்காதீர்கள். ஸ்பினோசாடும் ஸ்பினெட்டோரமும் அண்ணன் தம்பி, பூச்சியை ஒரே இடத்தில்தான் தாக்கும். இமிடாகுளோப்ரிட், தயாமீதாக்சம், அசிட்டமிப்ரிட் மூன்றும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். டப்பா வேறு, கம்பெனி வேறு என்பதால் மருந்து வேறாகிவிடாது. இரண்டு, சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹாலோத்ரின் மாதிரியான பைரெத்ராய்டு மருந்துகளைத் தொடாதீர்கள். பேனைத் தின்கிற பூச்சிகளை அவை முதலில் கொல்லும், பேன் முன்னைவிட அதிகமாகத் திரும்பும்.

மூணு மருந்தை ஒண்ணாக் கலந்து அடிச்சா வேகமாக் கேக்குமா?

கேட்காது. மூன்று ஆயுதத்தையும் ஒரே நாளில் எதிரிக்குக் காட்டிப் பழக்கிவிடுகிறீர்கள். இலை கருகும் செலவு தனி.

வேப்பெண்ணெய், பவேரியா இதெல்லாம் சும்மாதானே?

எண்ணிக்கை ஏறின பிறகு ஆரம்பித்தால் சும்மாதான். மேலே சொன்ன 50 பூவில் 3, 4 என்று இருக்கும்போது அடித்தால் நல்ல வேலை செய்யும். வேம்பு தாய்ப்பூச்சியைப் பட்டென்று கொல்லாது. தின்பதைக் குறைக்கும், குஞ்சு தோலுரிப்பதைக் கெடுக்கும். அதனால் மறுநாள் காலையில் பூச்சி ஓடுவதைப் பார்த்து "கேக்கலை" என்று முடிவுகட்டக் கூடாது.

பவேரியா ஒரு பூஞ்சணம். பூச்சியின் தோலில் ஒட்டி முளைத்து உள்ளே போய்க் கொல்லும், அதற்கு ஈரம் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பாலிஹவுஸ் நமக்குச் சாதகம். சாயந்திரம் அடித்து, ஓர வலையை மூடிவிட்டால் ராத்திரி முழுக்க ஈரம் நிற்கும். ஆனால் முந்தின நாள் சாம்பல் நோய்க்குப் பூஞ்சணக்கொல்லி அடித்துவிட்டு மறுநாள் பவேரியா அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு கையால் விதைத்து மறுகையால் பிடுங்குகிற வேலை.

நீல அட்டை ஏக்கருக்கு நிறைய கட்டிட்டா போதாதா?

அட்டை உளவாளி, போர்வீரன் இல்லை. பறக்கிற தாய்ப்பூச்சி மட்டும் ஒட்டும், குஞ்சு ஒட்டாது. எங்கே, எப்போது ஏறுகிறது என்று காட்டத்தான் அது. செடி நுனிக்குச் சற்று மேலே கட்டுங்கள், செடி வளர வளர அட்டையையும் ஏற்றுங்கள். நடவன்று கட்டின உயரத்திலேயே நாலு மாதம் தொங்கும் அட்டை, புழுதி பிடிக்கத்தான் உதவும்.

வெளிநாட்டுல நல்ல பூச்சியை விட்டே சமாளிக்கிறாங்களாமே? இங்கே முடியாதா?

நெதர்லாந்து, கனடா பசுமைக்குடில்களில் குடைமிளகாய்க்கு ஓரியஸ் என்ற நாவாய்ப்பூச்சியையும் ஸ்வர்ஸ்கி என்ற இரைவிழுங்கிச் சிலந்தியையும் விடுகிறார்கள். ஸ்வர்ஸ்கி இலைப்பேனின் இளங்குஞ்சைத் தின்னும், இரை இல்லாத நாளில் மிளகாய் மகரந்தத்தைத் தின்று உயிரோடு இருக்கும். நம் ஊரில் அவை நினைத்தவுடன் கடையில் வாங்குகிற பொருள் இல்லை. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பிளாப்டோஸ்டெத்தஸ் என்ற நாவாய்ப்பூச்சியை வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. விசாரிப்பதென்றால் அங்கே விசாரிக்கலாம்.

அதைவிட முக்கியம், விட்ட பூச்சி உயிரோடு இருக்க வேண்டும். மருந்து படிந்த குடிலில் காசு கொடுத்து வாங்கின பூச்சியை விடுவது, அதை மட்டும் கொல்லத்தான். நட்ட முதல் வாரத்திலிருந்தே அந்த வழியில் போவதென்று முடிவெடுத்தவர்களுக்குத்தான் இது.

செண்டுமல்லியை ஓரத்துல வெச்சா பேனை இழுத்துக்கும்னு யூடியூப்ல பார்த்தேன். வைக்கலாமா?

வேறு பூச்சிக்குச் சொன்ன யோசனையை இதற்குப் போடுகிறார்கள். செண்டுமல்லி, சாமந்தி, டாலியா, பப்பாளி, கத்தரி, அவரை எல்லாமே இதற்குச் சாப்பாடு. குடில் கதவுப் பக்கம் செண்டுமல்லி வைப்பது விருந்தாளிக்கு வாசலில் திண்ணை கட்டிக் கொடுப்பது. பூவை நாள் தவறாமல் கிள்ளி எரிக்க ஆள் இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் வேண்டாம். அதைவிட, குடிலைச் சுற்றிப் பத்தடிக்குப் பார்த்தீனியமும் மற்ற களையும் இல்லாமல் வெறுந்தரையாக வையுங்கள்.

பூவையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டா?

இளம் செடியில், முதல் சுற்றுப் பூவில் செய்யலாம், நான் செய்திருக்கிறேன். கிள்ளின பூவைக் கீழே போடாமல் பையில் கட்டி வெளியே கொண்டுபோனால் மட்டும் பலன். பாத்தியில் போட்டால் தாய்ப்பூச்சி பக்கத்துச் செடிக்கு நடந்தே போய்விடும்.

காயில கோடு கோடா பழுப்புத் தழும்பு. சாப்பிடலாமா, விக்கலாமா?

சாப்பிடத் தடையே இல்லை, தோலில் விழுந்த தழும்புதான். விற்பதுதான் பிரச்சினை. பெங்களூர் சந்தையில் தழும்புக் காய் நேராக இரண்டாம் தரத்துக்குப் போகும். எங்கள் வீட்டில் அந்தப் பட்டம் முழுக்கக் குடைமிளகாய் சாதம்தான்.

கட்டுக்கு அடங்கலை. செடியைப் பிடுங்கிடலாமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?

இதற்கு ஒரே விடை கிடையாது. செடி எத்தனை மாதம், இன்னும் எத்தனை பறிப்பு மிச்சம் என்று பாருங்கள். ஏழாம் மாதம் தாண்டி, மருந்துச் செலவு வாரப் பறிப்பின் காசைத் தொட்டுவிட்டதென்றால் நான் பிடுங்கிவிடுவேன். மூன்றாம் மாதம் என்றால் கொழுந்து நேராகிறதா என்று இரண்டு வாரம் பொறுப்பேன்.

பிடுங்குகிற விதம்தான் அடுத்த பயிரைத் தீர்மானிக்கும். பச்சைச் செடியைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு போனால், பூவில் உள்ளதெல்லாம் பறந்து பக்கத்துக் குடிலுக்குக் குடிபோகும். முதலில் தண்ணீரை நிறுத்துவதும் தப்பு, செடி வாடினால் பேன் கிளம்பிவிடும். கடைசியாக ஒரு மருந்து அடித்து, இரண்டு நாள் கழித்துப் பிடுங்கி, உள்ளேயே பையில் அடைத்து, தூரத்தில் குழிவெட்டிப் புதையுங்கள். மல்ச்சிங் ஷீட்டின் ஓட்டையில் முளைத்த களை, சொட்டுக்குழாய் ஓரத்துக் களை, உதிர்ந்த இலை ஒன்றுகூட விடாதீர்கள். பிறகு ஓர வலைத் திரையை இறக்கி மூடிவிடுங்கள். மண்ணில் கிடக்கிற கூட்டுப்புழு மூன்று நாளில் வெளியே வரும். சூடு தகிக்கும், தின்னப் பச்சை இருக்காது, செத்துப்போகும். குறைந்தது மூன்று வாரம் காலியாக வைத்திருங்கள். நடுவில் நாலு நீல அட்டை தொங்கட்டும்.

மூணு வாரம் குடிலைச் சும்மா போட்டா வட்டி யாருங்க கட்டுறது?

இந்தக் கேள்வியை நானும் என்னையே கேட்டு, பத்தாம் நாளே நட்டேன். அட்டையில் அன்றைக்கு ஏழு கறுப்பு ஒட்டியிருந்தது, பார்த்துவிட்டுத்தான் நட்டேன்.